ஏழாம் துறை காலியாக இருந்தது

"அந்தப் பொத்தான் வேண்டாம்னா வேண்டாம்..."

"அக்கா, ஒரு நிமிஷம் நான் சொல்றத..."

"நீ சொல்றத ஒரு வாரமா கேட்டாச்சு. காயை வெச்சுட்டுக் கைய எடுத்தா எடுத்ததுதான். விதிப் புத்தகத்துல முதல் பக்கத்துலயே போட்டிருக்கு. படிக்கத் தெரியும்ல?"

"மேஜைல ஆடறப்ப சரி அக்கா. ஃபோன்ல விரல் வழுக்கும். ஒருத்தன் பஸ்ல நின்னுக்கிட்டு ஆடுவான். டிரைவர் பிரேக் போட்டா உப்புப் படகு எங்கயோ போய் நிக்கும். அவ்வளவு நேரம் ஆடின ஆட்டம் அதோட காலி. அவன் நம்மள அழிச்சுட்டு வேற வேலை பாத்துக்கிட்டுப் போவான்."

"விரல் வழுக்கறவன் விரலப் பாத்துக்கட்டும்."

"இப்படிப் பேசினா எப்படி?"

"எப்படியும் பேசுவேன். தப்பா வெச்சுட்டு உடனே திரும்ப எடுத்துக்கலாம்னா அப்புறம் எவன் யோசிச்சு வைப்பான்?"

"சும்மா எடுக்க முடியாது. 'திரும்ப எடு'ன்னு அழுத்தினா எதிராளிகிட்ட சம்மதம் கேக்கும். அவன் சரின்னாத்தான் எடுக்கலாம். உனக்காகத்தான் அப்படி வெச்சிருக்கேன்."

"எதிராளி மிஷினா இருந்தா?"

"அது எப்பவும் சரின்னு சொல்லிடும்."

"அதே மிஷின் தான் ஆடின கையைத் திரும்ப எடுக்கணும்னு நம்மகிட்ட வந்து கேக்குமா?"

குட்டி சிரித்துவிட்டான். "அது எதுக்குக் கேக்கும்? செஞ்சதுக்கு வருத்தப்பட மிஷினுக்குத் தெரியுமா? அதுக்கு அந்தப் பொத்தானே கிடையாது."

"அப்ப மிஷினுக்கு இருக்கற ரோஷம் மனுஷனுக்கு இல்லைங்கற."

"அம்மா தாயே! அத்தான் போட்ட விதிக்கு நீ ஏன் இப்படிக் காவல் காக்கற?"

சொன்ன பிறகுதான் குட்டி நாக்கைக் கடித்துக்கொண்டான். அதைத் திரும்ப எடுக்கப் பொத்தான் ஏதும் இல்லை.

பக்கத்து மேஜையில் திரையைப் பார்த்தபடி படகுக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருந்த குட்டியின் மனைவியின் கை நின்றது. மாடிக்குக் கீழே சாவி போடும் கடையில் இயந்திரம் கிறீச்சென்று உலோகத்தை அறுத்தது.

"அந்தப் பேச்சை இந்த ரூம்ல எடுக்காதேன்னு சொல்லியிருக்கேன்" என்றாள் அக்கா. குரலே உயரவில்லை. அதுதான் அவளிடம் பயப்பட வேண்டிய இடம்.

குட்டி என்பது பேருக்குத்தான். நிலைப்படியில் குனிந்துதான் உள்ளே வருவான், காதோரம் நரை வேறு. ஆனாலும் அக்காவுக்கு அவன் குட்டி. அவன் மனைவிக்கு அக்கா வைத்த பெயர் ஓவியம். கல்யாணமான புதிதில், "ஓவியம் மாதிரி உக்காந்திருக்கா, ஒரு வேலைக்கும் எழுந்திருக்க மாட்டேங்கறா" என்று குத்தலாகத்தான் வைத்தாள். பிறகு அந்தப் பெண் உண்மையிலேயே ஓவியம் போட்டுப் பிழைப்பவள் என்று தெரிந்ததும் குத்தல் உதிர்ந்துவிட்டது, பெயர் ஒட்டிக்கொண்டது.

மூன்று பேரும் சேர்ந்து, அக்காவின் 'நதிமுகம்' ஆட்டத்தை ஃபோனுக்குள் இறக்கும் வேலையில் இருக்கிறார்கள். ஆறு கடலில் சேரும் இடம்தான் பலகை. நான்கு வியாபாரக் குடும்பங்கள். படகில் சரக்கு ஏற்றி, துறைக்குத் துறை கிடங்கு கட்டி, ஏற்ற இறக்கம் பார்த்து, பேரம் பேசி ஜெயிக்க வேண்டும். ஒரு ஆட்டம் முடிவதற்குள் இரண்டு தரம் தேநீர் போட்டுவிடலாம். அக்காவும் அவள் கணவரும் சேர்ந்து சாப்பாட்டு மேஜையில் வைத்து வருஷக்கணக்காக இழைத்த ஆட்டம் அது. அவர் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பியபோது, "ஆட்டம் உன்னோடது, நீயே வெச்சுக்கோ" என்று சொல்லிவிட்டுப் போனார். இப்போது வேறொரு ஃபோன் விளையாட்டுக் கம்பெனியில் இருப்பதாகக் கேள்வி.

போன மாதம் வெளியீட்டுக் கம்பெனி அம்மாள் வந்து மிஷினோடு ஆடிப் பார்த்தார். தேநீர் ஆறுவதற்குள் ஜெயித்துவிட்டார். "படமெல்லாம் பிரமாதம். ஆனா பொம்மைகூட ஆடற மாதிரி இருக்கு. தனியா உக்காந்து ஆடறவனுக்கு மிஷின்தான் எதிராளி. அதுக்கு மூளை இல்லைன்னா எனக்கு இந்த ஆட்டம் வேண்டாம்" என்று சொல்லி ஒரு மாதத் தவணை கொடுத்துவிட்டுப் போனார். போகும்போது வாசலில் நின்று, "இதுல வேற யார் கையும் இல்லையே? பின்னாடி யாரும் வந்து பங்கு கேக்க மாட்டாங்களே?" என்றார். "என் கையும் என் தம்பி கையும்தான்" என்று அக்கா வாக்குக் கொடுத்தாள்.

அந்தத் தவணை இன்று சாயங்காலம் முடிகிறது.

நடுவில் ஒரு அதிசயம் நடந்திருந்தது. மக்காக இருந்த மிஷினுக்குப் பத்து நாளாக மூளை முளைத்திருந்தது.

"சரி, சண்டை போதும்" என்று ஃபோனை நீட்டினான் குட்டி. "ஒரு ஆட்டம் ஆடிப் பாரு. ராத்திரி இன்னும் கொஞ்சம் தேறியிருக்கு."

அக்கா ஆடினாள்.

உப்பை ஏற்றி மூன்றாம் துறைக்கு அனுப்பினாள். மிஷின் மரத்தை ஏற்றியது. துணியைக் காட்டிப் பேரம் பேசினாள். மிஷின் மறுத்தது, அடுத்த கையில் இறங்கி வந்தது. முரண்டு பிடித்துப் பிறகு விட்டுக்கொடுக்கும் அந்த நேக்கு நன்றாகத்தான் இருந்தது. நன்றாக இருந்ததுதான் அவளுக்கு உறுத்தியது.

"ஓவியம், இங்க வா. இந்தப் பலகையைப் பாரு. எங்க கிடங்கு கட்டுவ?"

ஓவியம் எட்டிப் பார்த்தாள். "ஏழுல, அண்ணி. ரெண்டு கிளையும் அங்கதானே சேருது. சின்னக் குழந்தைகூட ஏழுலதான் வைக்கும்."

"மிஷின் வைக்கலை."

"எதாவது கணக்கு வெச்சிருக்கும்."

"மூணு தரம் இடம் கிடைச்சுது. மூணு தரமும் ஏழைத் தாண்டி எட்டுல போய்க் கட்டுது."

ஓவியம் அவசரமாகத் தன் நாற்காலிக்குத் திரும்பினாள். "பொத்தானெல்லாம் கட்டைவிரல் எட்டற இடத்துக்குக் கீழ இறக்கிட்டேன் அண்ணி, பாத்தீங்களா?" என்றாள் சம்பந்தமில்லாமல்.

அக்கா பார்க்கவில்லை. அவள் கண் ஏழாம் துறையிலேயே இருந்தது.

அந்த ஆட்டத்துக்கு முதன்முதலில் பலகை என்று ஒன்று இருந்ததே, அது மின்விசிறி வந்த அட்டைப்பெட்டி. பிரித்துப் போட்டு, அதன்மேல் பேனாவால் ஆறு வரைந்தார்கள். அட்டையின் மடிப்பு சரியாக ஏழாம் துறையில் விழுந்தது. அங்கே எந்தக் காயை வைத்தாலும் சாய்ந்து சறுக்கி ஆற்றில் போய் விழும். விழுந்த காய் யாருடையது என்று ஒரு சண்டை வரும். அதனால் இருவருமே அங்கே வைப்பதை விட்டுவிட்டார்கள். விதி என்று யாரும் எழுதவில்லை. கைப்பழக்கம்.

பிறகு பலகை வழவழப்பாக அச்சாகி வந்தது. மடிப்பு போய்விட்டது, பழக்கம் போகவில்லை. புதிதாக ஆட வந்தவர்கள் முதல் கையிலேயே ஏழில் போய் உட்கார்ந்தபோதுதான் அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இவ்வளவு நல்ல இடத்தையா விட்டுவைத்தோம்! அவள் பல்லைக் கடித்துத் தன்னைத் திருத்திக்கொண்டாள். அவர் கடைசிவரை திருந்தவில்லை. "அங்க வெச்சா சரியும்" என்பார், வழவழப்பான பலகையைத் தடவிக்கொண்டே.

அட்டைப்பெட்டி மடிப்பைப் பார்த்து மிஷின் எதற்குப் பயப்பட வேண்டும்?

"குட்டி."

"சொல்லு."

"உன் மிஷின் ஏழுல ஏன் வைக்கலை?"

அவன் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டான். பிறகு கடகடவென்று வந்தது பதில். "அது என்னக்கா பெரிய விஷயம்? நாம ஆடின ஆட்டத்தையெல்லாம் குடுத்துத்தானே அதுக்கு ஆடக் கத்துக்குடுத்தேன்? அதுல முக்கால்வாசி நீ ஆடினது. நீ எங்க வைக்கலையோ அதுவும் அங்க வைக்கலை. தாயைப் போல பிள்ளை."

"நான் இப்பல்லாம் ஏழுல வைக்கறேனே."

"வைக்கற. ஆனா வைக்கறதுக்கு முன்னாடி ஒரு தரம் கையை இழுத்துக்கற. அது உனக்கே தெரியாது. நான் பாத்திருக்கேன்."

அது உண்மைதான். அதனால் அக்காவால் மேலே பேச முடியவில்லை. உண்மையைச் சொல்லி வாயடைப்பவனை நம்புவதா, அதிகமாகச் சந்தேகப்படுவதா என்று அவளுக்குப் புரியவில்லை.

தண்ணீர்க் கேன் வந்திருக்கிறது என்று கீழிருந்து குரல் வந்தது. அவளே இறங்கிப் போனாள். சாவிக் கடைக்காரர் கண்ணில் மாட்டியிருந்த பூதக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு கூப்பிட்டார்.

"அம்மா, தம்பிகிட்ட சொல்லுங்க. அந்தச் சாவி இறுக்கமா இருந்தா கொண்டு வரச் சொல்லுங்க, ஒரு இழுப்பு அரம் போட்டுத் தரேன்."

"எந்தச் சாவி?"

"பின் ரூமுக்கு ரெண்டாவதா ஒண்ணு போட்டுக் குடுத்தேனே? பத்து நாள் இருக்கும். அவசரம் அவசரம்னு நின்னு வாங்கிட்டுப் போனாரு."

அக்கா கேனை மறந்துவிட்டுப் படியேறினாள்.

பின்னறை என்றால் சின்ன அறைதான். சந்துப் பக்கமாக அதற்குத் தனிப் படிக்கட்டு உண்டு. மிஷினுக்குக் கற்றுக்கொடுக்கும் பெரிய கம்ப்யூட்டரை அங்கேதான் குட்டி வைத்திருந்தான். கற்றதை இன்னும் ஃபோனுக்குள் இறக்கவில்லை. இப்போதைக்கு ஃபோன் கேட்கும், பின்னறை பதில் சொல்லும். கம்பெனி சரி என்றதும் இறக்கிவிடலாம் என்று ஏற்பாடு.

அவள் பின்னறைக் கதவின் கைப்பிடியைத் திருகினாள். திறக்கவில்லை. உள்ளே விசிறியின் உறுமல் மட்டும் கேட்டது.

"அக்கா, அக்கா! திறக்காத!" குட்டி ஓடி வந்தான். "உள்ள மிஷின் படிச்சுக்கிட்டு இருக்கு. கதவைத் திறந்தா சூடு ஏறிப் பாதியில நின்னுடும்."

"பரீட்சைக்குப் படிக்கற பிள்ளைகூட இவ்வளவு செல்லமா வளரலைடா. ரெண்டாவது சாவி எதுக்கு?"

"ஒண்ணு தொலைஞ்சா?"

"நீ எதைத் தொலைச்சிருக்க? ஒண்ணாங்கிளாஸ் பென்சில் பெட்டியை இன்னும் பத்திரமா வெச்சிருக்கறவன்டா நீ."

"அக்கா, உனக்கு இன்னிக்கு என்ன ஆச்சு?"

"அதைத்தான் நானும் கேக்கறேன். உங்க ரெண்டு பேருக்கும் என்ன ஆச்சு? நான் உள்ள வந்தா ஃபோனை வைக்கறீங்க. ஏதாவது கேட்டா பொத்தான் எங்க இருக்குன்னு பாருங்கங்கறா அவ. கண்ணைக் கட்டிட்டு விளையாடற வயசா எனக்கு?"

மதியம் ஓவியம் வீட்டிலிருந்து சாப்பாடு கொண்டு வந்தாள். பையிலிருந்து டப்பாக்களை எடுத்து வைத்தாள். அக்கா எண்ணவில்லை. எண்ணத் தேவையே இல்லை, ஒன்று கூடுதலாக இருந்தது. அதை மட்டும் ஓவியம் பைக்குள்ளேயே தள்ளிவிட்டாள்.

"அது யாருக்கு?"

"எனக்குத்தான் அண்ணி. இப்பல்லாம் ஒண்ணு பத்தமாட்டேங்குது."

அக்காவின் முகம் சட்டென்று மாறியது. காலையிலிருந்து இறுகியிருந்த முகம் அப்படியே இளகியது. பார்வை மெல்ல ஓவியத்தின் வயிற்றுக்குப் போயிற்று.

"ஏய்... விசேஷமா?"

"ஐயோ அண்ணி! அதெல்லாம் இல்ல!"

"என்கிட்ட என்னடி வெட்கம்? இதுக்காகவா ரெண்டு பேரும் குசுகுசுன்னு..."

"சத்தியமா இல்ல அண்ணி. வெறும் பசி."

குட்டிக்குத் தண்ணீர் புரையேறியது. இருமி இருமிக் கண்ணில் நீர் வந்துவிட்டது. ஓவியம் அவன் முதுகைத் தட்டினாள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்ட பார்வையில் சந்தோஷம் இல்லை, திருட்டுத்தனம் இருந்தது. அக்காவின் இளகிய முகம் மறுபடி இறுகியது. தன் பசிக்குக் கொண்டுவந்த டப்பாவை அந்தப் பெண் கடைசிவரை திறக்கவே இல்லை. கை கழுவப் போனவள் பையையும் தூக்கிக்கொண்டு போனாள். கை கழுவப் பை எதற்கு?

அவள் போனதும் அக்கா நேராகவே கேட்டாள்.

"அவர்கிட்ட பேசினியா?"

"எவர்கிட்ட?"

"எனக்கு ஒரே ஒரு அவர்தான்டா இருந்தாரு."

குட்டி தட்டைப் பார்த்தான்.

"அவர் கம்பெனியிலயும் இதே வேலைதான் பண்றாங்க. நம்ம ஆட்டத்தை அங்க குடுக்கறியா? பேரை மாத்தி, ஆத்தைக் குளமாக்கி, நாளைக்கு அவங்க முந்திக்கிட்டா நான் எங்க போய் நிப்பேன்? இருந்த வேலையை விட்டுட்டு வந்தேன். அந்தம்மாகிட்ட வாக்குக் குடுத்திருக்கேன். இதுல வேற கை இல்லைன்னு வாயால சொல்லியிருக்கேன்டா. அது பொய்யாப் போனா ஆட்டமும் போச்சு, என் பேரும் போச்சு."

"அக்கா, இங்க பாரு. என்னை நிமிந்து பாரு. நம்ம ஆட்டத்துலேந்து ஒரு துரும்புகூட வெளியே போகலை. உன்மேல சத்தியம்."

அவன் கண்ணில் பொய் இல்லை. சின்ன வயதிலிருந்து பார்த்த கண். பொய் சொன்னால் இடது இமை துடிக்கும். துடிக்கவில்லை.

அக்கா எழுந்து கை கழுவினாள். குழாயை மூடும்போதுதான் அந்த வாக்கியத்தை மறுபடி மனதில் ஓட்டிப் பார்த்தாள். வெளியே எதுவும் போகவில்லை என்றுதான் சொன்னான். உள்ளே யாரும் வரவில்லை என்று சொல்லவில்லை.

கம்பெனி அம்மாள் கிளம்பிவிட்டதாகச் செய்தி வந்தது. ஓவியம் மேஜையைத் துடைத்து, நாற்காலிகளை இழுத்துப் போட்டாள். குட்டி சட்டையை மாற்றிக்கொண்டு வந்தான்.

"அவங்க வர்றதுக்குள்ள இன்னொரு ஆட்டம்" என்றாள் அக்கா.

"எதுக்கு? காலையிலதான் ஆடினியே. மிஷினுக்கும் ஓய்வு வேணாமா?"

"ஓய்வா? மிஷினுக்கா?"

குட்டி ஃபோனை நீட்டினான்.

முதல் சில கைகள் ஒழுங்காகப் போயின. மிஷின் இரண்டாம் துறையில் கட்டியது. ஏழைத் தாண்டியது. அக்கா அதைக் கண்டுகொள்ளவே இல்லை. அந்தப் பழக்கம் தன்னிடமிருந்தும் வந்திருக்கலாம், அதை வைத்து எதையும் முடிவு கட்ட முடியாது. தன்னிடமிருந்து வந்திருக்க முடியாத ஒன்று வேண்டும்.

அவளுக்கு அப்படி ஒன்று தெரியும்.

அவர்கள் இருவரும் பேச்சுவார்த்தை இல்லாத நாட்களிலும் ஆட்டம் நின்றதில்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே காய் நகர்த்துவார்கள். சமாதானமாகப் போகலாம் என்று யாருக்குத் தோன்றுகிறதோ அவர் ஒரு காலிப் படகை எதிராளியின் துறைக்கு அனுப்புவார். சரக்கில்லாத படகால் ஒரு பிரயோசனமும் இல்லை, ஒரு கை வீண். எதிராளி பதிலுக்கு ஒரு காலிப் படகை அனுப்பினால் சண்டை தீர்ந்தது என்று அர்த்தம். இதை அவர்கள் யாரிடமும் சொன்னதில்லை. ஒருவருக்கொருவர்கூட வாய்விட்டுச் சொன்னதில்லை. அவள் தம்பியோடு ஆடிய எந்த ஆட்டத்திலும் இப்படி அனுப்பியதில்லை.

கடைசி ஆட்டத்தில் அவர் அனுப்பிய காலிப் படகு அவள் துறையில் வந்து நின்றது. அவள் திருப்பி அனுப்பவில்லை. மறுநாள்தான் பெட்டி கட்டினார்.

அக்கா ஒரு படகிலிருந்து உப்பை இறக்கினாள். வெறும் படகை ஆற்றின் குறுக்கே மிஷினின் துறைக்குத் தள்ளினாள். விரலை எடுத்தாள்.

"என்னக்கா இது, காலியா அனுப்பற?" குட்டி குனிந்து பார்த்தான். "ஒரு கை வீணாப் போச்சே."

"சும்மா."

'கணினி யோசிக்கிறது' என்று எழுத்து வந்தது. அதன் பக்கத்தில் மூன்று புள்ளிகள் மின்னின.

மிஷினுக்கு யோசிக்கக் கண் மூடித் திறக்கும் நேரம்கூட வேண்டாம். ஆடுபவருக்கு ஏதோ எதிராளி யோசிப்பது போல இருக்கட்டும் என்று குட்டிதான் கொஞ்சம் நிறுத்தி வைத்திருந்தான். எல்லாக் கைக்கும் ஒரே அளவுதான் என்று அவனே சொல்லியிருக்கிறான்.

புள்ளிகள் மின்னிக்கொண்டே இருந்தன.

"நெட் கொஞ்சம் மந்தமா இருக்கு" என்றான் குட்டி.

"பின் ரூமுக்கும் இந்த மேஜைக்கும் நடுவுல ஒரு சுவருதானேடா இருக்கு?"

ஓவியம் கையிலிருந்த துணியை முறுக்கினாள். கீழே சாவிக் கடை இயந்திரமும் அந்த நேரம் பார்த்து ஓய்ந்திருந்தது.

பிறகு ஆற்றில் ஒன்று அசைந்தது. மிஷினின் துறையிலிருந்து ஒரு படகு கிளம்பியது. வளைந்து, மெதுவாக, அக்காவின் துறையில் வந்து நின்றது.

அதில் உப்பு இல்லை. மரம் இல்லை. துணி இல்லை.

அக்கா மூச்சை உள்ளே இழுத்தாள், விடவில்லை.

"பாத்தியா, அதுவும் தப்பாட்டம் ஆடுது" என்று குட்டி சிரிக்கப் பார்த்தான். "இன்னும் நிறையக் கத்துக்குடுக்கணும் போல..."

அவன் முடிப்பதற்குள் திரையின் நடுவே, ஓவியம் அழகாகக் கட்டம் போட்டு வரைந்த பெட்டி ஒன்று எழும்பியது. உள்ளே எழுத்து. 'எதிராளி கடைசிக் கையைத் திரும்ப எடுக்க விரும்புகிறார். சம்மதமா?'

குட்டியின் முகம் வெளிறிப்போனது.

"மிஷினுக்கு அந்தப் பொத்தானே கிடையாதுன்னு சொன்னியே" என்றாள் அக்கா.

"அக்கா..."

"செஞ்சதுக்கு வருத்தப்பட மிஷினுக்குத் தெரியாதுன்னு சொன்னியே."

"அக்கா, மிஷின் தேறவே இல்ல. தலைகீழா நின்னு பாத்துட்டேன். நமக்கு நாள் இல்ல. அதுக்கு நல்லா ஆடற ஒருத்தர் ஆட்டம் வேணும், உன் ஆட்டம் மட்டும் பத்தலை. நதிமுகம் உன் அளவுக்கு ஆடத் தெரிஞ்ச இன்னொரு ஆளை நான் எங்க போய்த் தேடுவேன், நீயே சொல்லு?"

"பத்து நாளா நான் யார்கூடடா ஆடிக்கிட்டு இருந்தேன்?"

ஓவியம்தான் முன்னால் வந்தாள்.

"அண்ணி, நான்தான் கூப்பிடச் சொன்னேன். இவரைத் திட்டாதீங்க."

"அவர் எதுக்கு ஒத்துக்கிட்டாரு? வேற கம்பெனி ஆளு, திருட்டுத்தனமாச் சந்து வழியா வந்து என் ஆட்டத்துக்கு எதுக்கு மூளை குடுக்கணும்? கேட்டீங்களா யாராவது?"

இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கேட்கவில்லை என்பது அந்தப் பார்வையிலேயே தெரிந்தது.

சரியாக அந்த நேரத்தில் முன்படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டது. நிதானமாக ஏறும் சத்தம். நடுவில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி ஏறியது.

"அண்ணி, அவங்க வந்துட்டாங்க."

"அக்கா, உன் காலைப் பிடிச்சுக்கறேன்." குட்டி குரலைத் தாழ்த்தினான். "இன்னிக்கு மட்டும். இந்த ஒரு ஆட்டம் முடியட்டும். அவங்க போனதும் எல்லாத்தையும் சொல்றேன். இப்ப நீ எதுவும் பேசினா எல்லாமே போச்சு."

"பேசலைன்னா?"

குட்டி வாசலைப் பார்த்தான்.

திரையில் அந்தப் பெட்டி அப்படியே நின்றது. 'சம்மதம்', 'சம்மதமில்லை' என்று இரண்டு பொத்தான்கள், கட்டைவிரல் எட்டும் இடத்தில். அக்கா இரண்டையும் தொடவில்லை. ஃபோனை மேஜைமேல் வைத்துவிட்டு எழுந்தாள். குட்டி குறுக்கே வந்தான். அவள் அவனைப் பார்த்த பார்வையில், அவ்வளவு உயரமானவன், ஒதுங்கி வழிவிட்டான்.

பின்னறைக் கதவின் முன் போய் நின்றாள். உள்ளே விசிறி உறுமிக்கொண்டிருந்தது. பிறகு யாரோ அதை நிறுத்தினார்கள்.

படியின் கடைசித் திருப்பத்திலிருந்து கம்பெனி அம்மாளின் குரல் கலகலப்பாக வந்தது. "என்னம்மா, மிஷின் ரெடியா? இன்னிக்காவது எனக்கு ஈடு குடுக்குமா?"

அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. உள்ளங்கையைக் கதவில் வைத்தாள்.

"எனக்குச் சம்மதமில்லை. கைய எடுத்தா எடுத்ததுதான்னு எழுதினது நீங்கதானே? கதவைத் திறங்க."